நடுவில் நிற்பவள்

ஜூன் 4

அக்காவுக்கு,

நீ போனை வைத்துவிட்டாய். அதுவும் நான் “ஒரு நிமிஷம் கேளு” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது. அதனால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

இடம் மாற மாட்டேன் என்று, நீ சொன்னபடியே, கோச்சிடம் சொல்லிவிட்டேன். அவர் அறையில் மைதானம் வரைந்த ஒரு பலகை இருக்கிறது. ஆளுக்கு ஒரு காந்தப் பொத்தான், அதில் எண். என் எண் பதினைந்து. கோலுக்கு முன்னால், நடுவில், சென்டர் பேக் நிற்கிற இடத்தில் நான்கு மாதமாக ஒட்டியிருந்த என் பொத்தானை அவர் விரலால் தள்ளி இடது ஓரத்துக் கோட்டின் மேல் வைத்தார். “திங்கள்லேர்ந்து நீ லெஃப்ட் பேக்,” என்றார். நான் எட்டி அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

“எனக்கு நடுதான் மேடம். சின்ன வயசுலேர்ந்து அங்கதான் ஆடுறேன்.”

“சின்ன வயசுல நான்கூட விரல் சூப்பிட்டு இருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்.”

சிரிக்காதே. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. உயரம் போதாதாம். வேகம் இருக்கிறதாம், இடது கால் இருக்கிறதாம், இரண்டையும் நடுவில் நிறுத்தி வீணாக்க மாட்டாராம். போன மாதம் பயிற்சி ஆட்டத்தில் ஒரு பந்து வேறு உள்ளே போய்விட்டது, அதையும் சொன்னார். நான் முடியாது என்றேன். “சரி, உக்காரு,” என்றார். நாற்காலியில் உட்காரச் சொல்கிறார் என்று நினைத்து உட்கார்ந்தேன். அவர் சொன்னது பெஞ்சை.

சனிக்கிழமை முழு ஆட்டமும் பெஞ்சில் இருந்தேன். உனக்குத் தெரியும், எனக்குக் கொடுத்திருப்பது ஒரு சீசன் ஒப்பந்தம். நவம்பர் கடைசியில் அடுத்த வருடம் யார் இருப்பார்கள் என்று பட்டியல் ஒட்டுவார்கள். ஆடாதவள் பெயர் அதில் வராது. ஆனாலும் நான் நகர மாட்டேன். இதைத்தானே போனில் சொல்ல வந்தேன், அதற்குள் உனக்கு என்ன அவசரம்?

பூட்டு


ஜூன் 11

பூட்டு,

கிழிக்கவில்லை. அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். பொத்தானை எடுத்துத் திரும்ப வைத்த இடம் வந்ததும் “இவளுக்கு இந்த வாய் யாருகிட்டேர்ந்து வந்துச்சு?” என்று என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சபாஷ். அப்படித்தான் இருக்க வேண்டும். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்கார். பெஞ்ச் தேயட்டும், நீ தேயாதே. அவர்களாக வந்து கூப்பிடுவார்கள்.

உயரம் போதாதாம். மூன்று வருடம் நம் டீமில் நீயும் நானும் நடுவில் ஜோடியாக நின்றோமே, உன் தலைக்கு மேல் பந்து போய் எத்தனை கோல் வாங்கினோம்? நீ முன்னாலேயே நகர்ந்துவிடுவாய், குதிக்க வேண்டிய வேலையே வராது. உனக்குப் பூட்டு என்று பெயர் வைத்தது சும்மாவா? இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னாயா, இல்லை பொத்தானை மட்டும் நகர்த்திவிட்டு வந்தாயா?

ஓரத்தில் நிற்பது வேறு பிழைப்பு. ஓரத்தில் நிற்பவளுக்கு ஒரு பக்கம் கோடு, பாதி மைதானம்தான் வேலை. நடுவில் நிற்பவள்தான் மொத்த ஆட்டத்தையும் பார்ப்பாள், எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்துவாள். உன்னை அதற்குத்தான் ஏழு வயதிலிருந்து தயார் செய்தேன்.

எங்கள் சலவைப் பிரிவில் இந்த வாரம் துவைக்கிற பெரிய டிரம் பழுது. ஆஸ்பத்திரி முழுக்கத் துணி தேங்கிக் கிடக்கிறது, வார்டு நர்ஸுகள் வந்து எங்களை மிரட்டிவிட்டுப் போகிறார்கள். ஈரப் போர்வையை உருளை இஸ்திரியில் விட்டு விட்டு விரல் நுனி எல்லாம் உரிந்திருக்கிறது. இந்தக் கடிதத்தில் கறை இருந்தால் அது மருந்து, அழுகை இல்லை.

ஒன்று மட்டும் இடிக்கிறது. ஒரே ஒரு பந்து உள்ளே போனதற்கு எந்தக் கோச்சும் ஆளை மாற்ற மாட்டார். அது என்ன பந்து? மழுப்பாமல் எழுது.

உன் அக்கா


ஜூன் 20

அக்கா,

எழுதுகிறேன். ஆனால் சிரித்தால் இதுதான் கடைசிக் கடிதம்.

நம் டீமில் ‘விடு’ என்றால் என்ன அர்த்தம்? ‘ஒன்று விடு, ஓங்கி உதைத்து அனுப்பு’. நீதான் ஆரம்பித்தாய். பந்து என் பக்கம் வந்ததும் பின்னாலிருந்து “விடு” என்று கத்துவாய், நான் கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை விடுவேன். பன்னிரண்டு வருடமாக என் இடது காலுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்.

இங்கே ‘விடு’ என்றால் ‘தொடாதே, எனக்கு விட்டுவிடு’. விசாரித்துப் பார்த்தேன். எல்லா டீமிலும் அப்படித்தானாம், நம்மைத் தவிர.

அன்றைக்கு உயரமாக ஒரு பந்து வந்தது. எங்கள் கோல் கீப்பர், நெட்டை என்று கூப்பிடுவோம், அதைப் பிடிப்பதற்காக ஓடி வந்தாள். வரும்போதே தெளிவாக, சத்தமாகக் கத்தினாள், “விடு” என்று. நானும் விட்டேன். முழு பலத்தோடு. பந்து அவள் தோளில் பட்டு, எங்களைத் தாண்டி, நடந்து போவது போல நிதானமாக எங்கள் கோலுக்குள்ளேயே போய் நின்றது.

“விடுன்னு சொன்னேன்ல?” என்றாள்.

“விட்டேனே,” என்றேன்.

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. கேப்டன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோச் மட்டும் சிரிக்கவில்லை. “கீப்பர் சொல்றது காதுல விழாதவ நடுவுல நிக்க முடியாது,” என்றார். என் அக்கா இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள் என்று பத்தொன்பது வயதில் நின்று சொல்லச் சொல்கிறாயா? அதைவிடச் செவிடு என்று பெயர் வாங்கலாம். இப்போது இங்கே என் பெயர் பூட்டு இல்லை, ‘விடு’. சாப்பாட்டு வரிசையில் கரண்டியைக் கேட்டால்கூட “விடுவுக்குக் கரண்டி விடு” என்கிறார்கள்.

மூன்று ஆட்டம் பெஞ்சில் முடிந்தது. நேற்று பயிற்சியில் லெஃப்ட் பேக் பெண்ணுக்குக் கால் பிடித்துக்கொண்டது, ஆள் இல்லை என்று என்னை அரை மணி நேரம் நிறுத்தினார்கள். ஆள் இல்லாததால்தான் போனேன், மனம் மாறி அல்ல. 

(இங்கே இரண்டு வரி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.)

அம்மாவிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். உண்மையாகவே நன்றாகச் சாப்பிடுகிறேன், ஆடாத ஆளுக்குப் பசி அதிகம்.

பூட்டு


ஜூன் 27

பூட்டு,

சிரித்தேன். சலவைப் பிரிவில் எல்லோருக்கும் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அது என் தப்பு அல்லவா? உலகத்தில் எல்லோரும் ‘தொடாதே’ என்று சொல்கிற வார்த்தைக்கு ‘உதை’ என்று அர்த்தம் வைத்தது நான். அதற்கு நீ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய்.

அதனால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். உன் கோச்சுக்கு நானே கடிதம் எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் வார்த்தையை விளக்கியிருக்கிறேன். இரண்டாவது பக்கத்தில் உன்னை ஏன் நடுவில்தான் நிறுத்த வேண்டும் என்பதைப் படம் போட்டு எழுதியிருக்கிறேன். நேற்றே தபாலில் போட்டாயிற்று, இனி நீ குதித்துப் பயனில்லை.

அப்புறம், அடித்த இரண்டு வரி. எங்களிடம் போர்வையில் கறை பார்ப்பதற்கென்று ஒரு விளக்குப் பலகை இருக்கிறது, உனக்குத் தெரியாது. அதில் வைத்தேன். “கோடு ஓரமாக ஓடும்போது யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது சுகமாக இருந்தது” என்று எழுதி அடித்திருக்கிறாய்.

சுகமாக இருந்ததா? அரை மணி நேரத்தில் உனக்குச் சுகம் கண்டுவிட்டதா? நன்றாக வாழ்ந்தாய் போ. பெஞ்சில் மூன்று வாரம் உட்கார்ந்ததில் உனக்கு மூளை மரத்துவிட்டது. யாரும் கூப்பிடாத இடம் வேண்டுமென்றால் வீட்டுக்கு வா, மாடிப்படி இருக்கிறது, அதில் ஓடு.

அம்மா “திட்டி எழுதாதே” என்றார். இது திட்டு இல்லை.

உன் அக்கா


ஜூலை 8

அக்கா,

நீ யார் எனக்காகக் கடிதம் எழுத?

கோச் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் உன் இரண்டு பக்கத்தையும் விரித்து வைத்திருந்தார், பறக்காமல் இருக்க மேலே விசில். “உங்க அக்கா எனக்குத் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுத்திருக்காங்க,” என்றார். “படம் நல்லாத்தான் போட்டிருக்காங்க.” நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாயார் தலைமை ஆசிரியரைப் பார்க்க வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல இருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஓர் அவமானம் இல்லை. இதை நான் மறக்க மாட்டேன், நீயும் மறக்காதே.

ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

“அந்த கோல் உன் தப்பு இல்ல,” என்றார் கோச். “காது கேக்காதவன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். உயரத்தைப் பத்திச் சொன்னதை வாங்கிக்க மாட்டேன். சனிக்கிழமை கேப்டனோட நடுவுல நில்லு, பார்க்கலாம்.”

நின்றேன். முழு ஆட்டம். ஒரு கோல்கூட வாங்கவில்லை, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். நன்றாக ஆடினேன், நீ பார்த்திருந்தால் நீயே குறை சொல்லியிருக்க மாட்டாய். நெட்டை என்னைத் தூக்கிச் சுற்றினாள். எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

குளியலறையில் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, தொண்டை கட்டியிருந்தது. தொண்ணூறு நிமிடம் கத்தியிருக்கிறேன். “ஏறு”, “பின்னாடி பார்”, “உன் ஆளு அங்க” என்று. எல்லாமே உன் வார்த்தை, உன் ராகம். நான் ஆடவே இல்லை அக்கா. உன்னைப் போல நடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் நிற்பவள் கூப்பிட வேண்டும். எனக்குக் கூப்பிட வராது. நம் டீமில் நீ கூப்பிடுவாய், நான் ஓடுவேன். எனக்கு ஓடத்தான் வரும். அது உன் பக்கத்தில் நின்றதால் இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆட்டம் முழுக்க என் கண் இடது பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அங்கே கோடு ஓரமாக அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தது.

மறுநாள் காலையில் கோச் அறைக்குப் போனேன். பலகையில் நடுவில் இருந்த என் பொத்தானை நானே எடுத்து இடது ஓரத்தில் வைத்தேன்.

“நேத்துதானே நல்லா ஆடின?” என்றார்.

“அதனாலதான் மேடம் இன்னிக்கு வந்தேன். தோத்துட்டு வந்தா நீங்க துரத்தினதா ஆயிடும்.”

“ஓரத்துக்குப் போனா இந்த சீசன் திரும்ப நடுவுக்கு வர முடியாது. அங்க சரிப்படலைன்னா பட்டியல்ல பேர் இருக்காது. யோசிச்சிட்டு வா.”

“யோசிச்சிட்டுதான் வந்தேன்.”

ஆகவே கேட்டுக்கொள். யாரும் என்னை மாற்றவில்லை. நானே மாறினேன். வேலையில் லீவு கிடைக்காமல், பெரிய டீமுக்கு ஆள் எடுத்த அந்தத் தேர்வுக்கு உன்னால் போக முடியாமல் போய்விட்டது, நீ ஆட வேண்டியதை நான் ஆட வேண்டும் என்று ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது. உன் இடத்தில் என்னால் நிற்க முடியாது, அது உனக்கே பெரிய இடம்.

கோச்சுக்கு இன்னொரு கடிதம் எழுதினால் அதை நானே வாங்கி நானே கிழிப்பேன்.

பூட்டு


ஜூலை 14

கடிதம் கிடைத்தது. நீ விட்டுப்போன சாம்பல் ஸ்வெட்டர் அலமாரியில் இருக்கிறது. அனுப்பவா, வேண்டாமா என்று எழுது. அம்மா நலம்.


ஜூலை 30

ஸ்வெட்டரைப் பற்றிக்கூட நீ பதில் எழுதவில்லை. சரி, நானே எழுதுகிறேன். எழுதாமல் இருந்து பார்த்தேன், இரண்டு வாரமாகப் போர்வையைத் தலைகீழாக மடித்துக்கொண்டிருக்கிறேன், என்னோடு மறுமுனையைப் பிடிக்கிற அம்மாள் “உனக்கு என்ன ஆச்சு?” என்று தினமும் கேட்கிறாள்.

எனக்கு லீவு கிடைக்காமல் போகவில்லை.

லீவு போட்டுவிட்டுத் தேர்வுக்குப் போனேன். இரண்டு நாள். அம்மாவிடம் இரட்டை ஷிப்ட் என்று சொன்னேன், உன்னிடமும் அதையேதான் சொன்னேன். நாற்பது பேரில் ஆறு பேரைக் கடைசி வரைக்கும் நிறுத்தினார்கள், அதில் நானும் ஒருத்தி. அப்புறம் ஒருவர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “நடுவுக்கு ஆள் இருக்கு. ரைட் பேக்கா வர்றதா இருந்தா எடுத்துக்கிறோம்.” “நடு இல்லைன்னா வேண்டாம்,” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் தலை நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். திங்கட்கிழமை சலவைக்கு வந்துவிட்டேன். ஐந்து வருடம் ஆகிறது.

இதை யாருக்கும் சொன்னதில்லை. அம்மாவிடம் நீ சொல்லக்கூடாது.

எனவே எனக்காக நீ நடுவில் நிற்க வேண்டிய தேவை ஒருபோதும் இருந்ததில்லை. நான் உனக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை, வீட்டுக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னை என் இடத்திலிருந்து நகர்த்தப் பார்த்தார்கள், நான் நகரவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

(இந்த வரியை எழுதிவிட்டு டீ குடிக்கப் போய் வந்து திரும்பப் படித்தேன். அடிக்கவில்லை. அடித்தால் நீயும் வெளிச்சத்தில் பிடிப்பாய்.)

கோச் சொன்னவுடன் நீ மாறியிருந்தால்கூட பயந்தாங்கொள்ளி என்று விட்டிருப்பேன். நடுவைக் கையில் கொடுத்த பிறகு திருப்பிக் கொடுத்திருக்கிறாய். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எனக்கு யாரும் அப்படிக் கொடுக்கவில்லை.

உன் அக்கா


செப்டம்பர் 2

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. முதல் மூன்று நாள் உன் மேல் கோபம். ஐந்து வருடமாகத் தியாகி அக்கா ஒருத்தியை முதுகில் சுமந்துகொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் அவள் வீம்புக்காரி. நான்காவது நாள், அந்தத் தாளைப் பார்த்துப் பேசிய ஆளின் மேல் கோபம். அப்புறம் யார் மேலும் இல்லை. வீம்பு நம் இரண்டு பேருக்கும் ஒரே அளவில்தான் தைத்திருக்கிறது.

நீ மாட்டேன் என்றது உன் இஷ்டம். நான் மாறுகிறேன் என்றது என் இஷ்டம். இதில் யார் சரி என்று பார்க்க எனக்கு நேரம் இல்லை, ஏனென்றால் நான் மோசமாக ஆடிக்கொண்டிருக்கிறேன்.

மறைக்காமல் சொல்கிறேன். ஓரத்தில் மூன்று ஆட்டம் ஆடினேன். முதல் ஆட்டத்தில் ஒருத்தி என்னைக் கண்ணில் விரல்விட்டு ஆட்டினாள், இடைவேளையில் என்னை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஆட்டத்தில் பந்து எங்கே போனாலும் என் கால் தானாக நடுவுக்குப் போகிறது. அந்தக் காலியிடத்தில் எதிரணிக்காரி குடித்தனமே நடத்தினாள். கோச் ஓரத்தில் நின்று “கோடு எங்க? கோடு எங்க?” என்று கத்தினார். மூன்றாவது ஆட்டமும் பாதிதான். சுகமாக இருந்தது என்று எழுதி அடித்தேனே, அது அரை மணி நேர சுகம்தான் போல.

நெட்டை சொன்னாள், “பேசாம கோச் கால்ல விழு, நடுவுக்கே போயிடலாம்.” விழமாட்டேன். நானே கேட்டு வாங்கின இடத்தில் நானே தோற்றுவிட்டுப் போகிறேன். வீட்டுக்கு வரவேண்டியிருந்தால் வருவேன். அப்போது ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று மட்டும் நீ சொல்லக் கூடாது. வாசலிலேயே திரும்பிவிடுவேன்.

தினமும் பயிற்சி முடிந்ததும் தனியாகக் கோடு ஓரமாக ஓடுகிறேன்.

ஸ்வெட்டரை அனுப்பு. காலையில் குளிர்கிறது.

பூட்டு


அக்டோபர் 5

பூட்டு,

ஸ்வெட்டரோடு இதையும் வைக்கிறேன். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எங்கள் சூப்பர்வைசரின் மகள் போனில் உங்கள் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினாள். சாப்பாட்டு நேரம் முழுக்கப் பார்த்தேன், சாப்பிடவில்லை. நீ நேராக எதிர்க் கோலைப் பார்த்து நிற்கிறாய். அது நடுவில் நிற்கிறவள் நிற்கும் நிலை. ஓரத்தில் நிற்பவள் கோட்டுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கோடு முதுகில் உரசுகிறது என்று நினைத்துக்கொள். அப்போது மைதானம் முழுக்க உன் முன்னால் இருக்கும், நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க நீ நடுவுக்குப் போக வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே தெரியும். இன்னொன்று, பந்தோடு எதிரில் வருகிறவளுக்கு உள்பக்கத்தை அடை, கோட்டுப் பக்கத்தைத் திற. கோட்டுப் பக்கம் ஓடினால் உன் வேகத்துக்கு எவள் ஈடு?

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. யாராவது தப்பாக நின்றால் எனக்குக் கை பரபரக்கும், அவ்வளவுதான்.

உன் அக்கா


நவம்பர் 9

அக்கா,

முதுகைக் கோட்டுக்குக் கொடுத்தேன். கோச் பயிற்சியில் நின்று பார்த்துவிட்டு, “இதை யார் சொன்னது?” என்று கேட்டார். “படம் போடுறவங்க,” என்றேன்.

நான்கு ஆட்டமாக முழு நேரம் ஆடுகிறேன். ஒன்றில் நான் கொடுத்த பந்தில் கோல் விழுந்தது, எதிரணிக் கோலில், பயப்படாதே. கோட்டின் ஓரமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது, அக்கா, எழுதி அடிக்கப் போவதில்லை, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அந்த நேரத்தில் நான் யாரைப் போலவும் இல்லை.

கடைசி ஆட்டம் இருபத்து மூன்றாம் தேதி. மூன்று நாள் கழித்துப் பட்டியல். எல்லாம் அந்த ஓர் ஆட்டத்தில்தான் என்று கோச் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். முதல் வருடக்காரிகள் ஐந்து பேரில் இரண்டு பேருக்குத்தான் இடமாம். அந்த இரண்டில் ஒன்று எனக்கு வேண்டும்.

அம்மா வருகிறேன் என்றால் வரட்டும். நீ வராதே. கோபத்தில் சொல்லவில்லை. மைதானத்தில் எங்கிருந்தாவது உன் குரல் கேட்டால் நான் நடுவுக்கு ஓடி வந்துவிடுவேன். பன்னிரண்டு வருடப் பழக்கம், ஒரு சீசனில் போகாது. இந்த ஒரு நாள் மட்டும் உன் குரல் கேட்காத இடத்தில் நான் ஆட வேண்டும்.

பூட்டு


டிசம்பர் 1

பூட்டு,

பட்டியலில் பெயர் வந்ததை அம்மாவிடம் போனில் சொன்னாயாம். பெயருக்கு எதிரில் லெஃப்ட் பேக் என்று போட்டிருந்ததையும் சொன்னாயாம். பக்கத்தில்தான் நின்றேன், என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒன்றை உளறியிருப்பேன், நல்லதாயிற்று.

இருபத்து மூன்றாம் தேதி வந்தேன்.

வராதே என்று எழுதியிருந்தாய், படித்தேன். உன் கோரிக்கையில் இருந்த நியாயமெல்லாம் என் குரலைப் பற்றியது, என் காலைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, அவரை வீட்டில் விட்டுவிட்டு ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தேன். துப்பட்டாவின் முனையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். கேலி இல்லை, உண்மையாகவே வைத்துக்கொண்டேன். முதல் கால் மணியில் உன் பக்கம் ஒருத்தி நழுவிப் போனபோது பல்லில் நூல் பிரிந்தது. நீயே திரும்பி ஓடிப் பிடித்தாய், யாரும் சொல்லாமல்.

நான் நடு வரிசையில் டிக்கெட் வாங்கியிருந்தேன், மொத்த மைதானமும் தெரிகிற இடம். ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்துக்கு மேல் மொத்த மைதானத்தை நான் பார்க்கவில்லை. கேப்டன் நடுவில் என்ன செய்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இடைவேளைக்குப் பிறகு உன் கோடு நான் உட்கார்ந்திருந்த பக்கமே வந்தது. எழுந்து படியில் இறங்கிக் கீழே ஓரத்துக்குப் போய்விட்டேன். நீ பந்தோடு என்னைத் தாண்டிப் போனபோது உன் மூச்சு கேட்டது. அத்தனை அருகில் இருந்தேன். நீ பார்க்கவில்லை, பார்க்கும் நிலையிலும் இல்லை. நன்றாக ஆடினாய். எழுதிவிட்டேன், இனி இதைத் திரும்பக் கேட்காதே.

நான் அங்கே ஒருவரோடு சண்டை போட்டேன். அதை வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

கீழே எனக்குப் பின்னால், முதல் வரிசையில் கொடி வைத்துக்கொண்டு ஒருவர், வாய் ஓயாமல் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுபதாவது நிமிடம் இருக்கும், நீ ஒருத்தியிடமிருந்து பந்தைச் சுத்தமாக எடுத்தாய். அவர் பக்கத்திலிருந்தவரைத் தட்டிச் சொன்னார், “இந்தப் பொண்ணு நடுவுல நிக்க வேண்டியது. ஓரத்துல போட்டு வீணாக்குறாங்க.”

ஆறு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்த அதே பேச்சு. அவருக்கு நான் கை கொடுத்திருக்க வேண்டும். துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினேன்.

“யாருங்க உங்களுக்குச் சொன்னது? அவ லெஃப்ட் பேக். அவளாக் கேட்டு வாங்கின இடம் அது. தெரியலைன்னா பேசாம உக்காந்து பாருங்க.”

கத்தவில்லை, உனக்குக் கேட்டிருக்காது. ஆனால் அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்த ஆள் அசந்துவிட்டார்.

“நீங்க யாரும்மா?” என்றார்.

“நான் சென்டர் பேக்,” என்றேன்.

உன் அக்கா